காரில் போன் பேச்சும் பாட்டும்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

கார் செட் மாட்டும் வேலைக்கு நான் வந்து 16 வருடம் ஆகிறது. வந்த புதிதில் கேசட் செட்டுகளைக் கழற்றிவிட்டு சிடி செட் மாட்டிக்கொண்டிருந்தோம். இப்போது பாட்டு, பேச்சு, வழி காட்டுவது எல்லாமே போனிலிருந்துதான் வருகிறது. கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் வண்டியை நிறுத்தும்போதே, "செட்டு போயிடுச்சுண்ணே, வேற மாத்திடுங்க" என்பார்கள். பார்த்தால் செட் நன்றாக இருக்கும். போனில் ஏதோ ஒரு சுவிட்ச் அணைந்திருக்கும், இல்லையென்றால் கேபிள் உள்ளுக்குள் அறுந்திருக்கும். வேறொரு இடத்தில் நிறையப் பணம் கொடுத்துப் புதுச் செட் மாட்டியும் அதே கோளாறு தொடர, முகம் வாடி எங்களிடம் வந்தவர்களும் உண்டு. அந்தப் பணம் யாருக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இரண்டு சோதனைகள். வேறொருவரின் போனை உங்கள் காரில் இணைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் போனை வேறொருவரின் காரில் இணைத்துப் பாருங்கள். முதல் சோதனையில் எல்லாம் சரியாக வந்தால் கோளாறு உங்கள் போனில். இரண்டாவதில் சரியாக வந்தால் கோளாறு காரில். பத்து நிமிட வேலைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போனையும் கேபிளையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும்.

இதையெல்லாம் வண்டியை ஓரம்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்ட பிறகுதான் செய்ய வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில், ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதும் ஆபத்தான ஓட்டுதல் கணக்கில் வருகிறது. முதல் தடவைக்கே 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். செட் மெனுவில் இரண்டு பட்டனைத் தேடுவதற்குள் ஒரு தெருவே கடந்திருக்கும்.

நேற்று வரை இணைந்தது, இன்று இணையவில்லை

செட்டின் நினைவில் இத்தனை போன்தான் என்று ஒரு கணக்கு உண்டு. பல செட்டுகளில் 5, சிலவற்றில் 10. அது நிரம்பிவிட்டால் புதுப் போனைச் சேர்க்காது, சில செட்டுகள் ஏன் என்று சொல்லவும் சொல்லாது. பழைய கார் வாங்கியவர்களிடமும் வாடகை வண்டிகளிலும் இதை அடிக்கடி பார்க்கிறேன். முன்பு வைத்திருந்தவர், அவர் பிள்ளைகள், ஓட்டுநர், வழியில் பாட்டுப் போட்டுக்கொண்ட பயணி என எல்லார் போனும் அந்தப் பட்டியலில் கிடக்கும். பட்டியலைக் காலி செய்யுங்கள்.

அழிக்கும்போது இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல்முறை இணையும்போது போனும் செட்டும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை வைத்துக்கொள்கின்றன. செட்டில் மட்டும் அழித்தால் போன் பழைய சாவியோடு வந்து நிற்கும், செட் அதை ஏற்காது. ஆகவே போனின் ப்ளூடூத் பட்டியலில் காரின் பெயரை எடுத்து, அதை மறந்துவிடச் சொல்லுங்கள். செட்டிலும் போனின் பெயரை நீக்குங்கள். இரண்டையும் ஒருமுறை அணைத்துப் போட்டு, புதிதாக இணையுங்கள். பழைய செட் எண் கேட்டால் 0000 அல்லது 1234 போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டில் ஒன்று எடுக்கும். வண்டி நகர்ந்துகொண்டிருந்தால் புதுப் போனைச் சேர்க்க விடாத செட்டுகளும் உண்டு. அது கோளாறு அல்ல, பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் இன்னொரு வகை. ஒருவர் வந்து, காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் போன் இணைவதில்லை, தெருமுனை தாண்டினால் தானாக இணைகிறது, சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும்போது ஒரு தொல்லையும் இல்லை என்றார். கடையில் எத்தனை தடவை பார்த்தாலும் சரியாகவே வந்தது. வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். சாவியைத் திருப்பியதும் செட்டின் திரையில் அவர் மனைவி போனின் பெயர் வந்தது. போன் சமையலறை ஜன்னலில் சார்ஜில் இருந்தது. போர்டிகோவுக்கும் ஜன்னலுக்கும் ஆறேழு மீட்டர்தான். ப்ளூடூத் 10 மீட்டர் வரை தாராளமாக எட்டும். வண்டி நகர்ந்ததும் அந்த இணைப்பு அறுந்து, இவர் போன் ஒட்டிக்கொள்ளும். செட் மெனுவில் எந்தப் போனுக்கு முதலிடம் என்று குறிக்கும் வசதி இருந்தது, அதில் இவர் போனை முதலில் வைத்ததோடு தொல்லை தீர்ந்தது. உங்கள் செட்டில் அந்த வசதி இல்லையென்றால், அந்த காரில் அதிகம் போகாதவரின் போனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

பாட்டு வருகிறது, போன் கால் வரவில்லை. அல்லது கால் வருகிறது, பாட்டு வரவில்லை

ப்ளூடூத் ஒரே குழாய் என்று நினைக்கிறோம். உண்மையில் பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுக்கு இன்னொரு வழி, தொடர்புப் பெயர்களுக்கு வேறொன்று. ஒன்று மூடியிருந்தாலும் மற்றவை வேலை செய்யும். ஆண்ட்ராய்டு போனில் ப்ளூடூத் பட்டியலில் கார் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டால் அழைப்புக்கும் மீடியாவுக்கும் தனித்தனி சுவிட்ச் தெரியும். இரண்டும் போட்டிருக்க வேண்டும்.

கம்பெனியிலேயே மாட்டி வந்த பழைய செட்டுகள் சிலவற்றில் பேச்சு வழி மட்டுமே உண்டு, பாட்டு வழி கிடையாது. அதில் எந்த சுவிட்சைப் போட்டாலும் பாட்டு வராது. ஆக்ஸ் ஒயரோ (போனின் ஹெட்போன் துளையிலிருந்து செட்டுக்குப் போகும் ஒயர்) பென் டிரைவோதான் வழி.

ரிங் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டு, எடுத்ததும் பேச்சு போனுக்குப் போய்விடுகிறது என்பார்கள். பாதி நேரம் நீங்கள் போன் திரையைத் தொட்டு எடுத்ததுதான் காரணம். ஸ்டியரிங் பட்டனிலோ செட்டிலோ எடுங்கள். ஐபோனில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை, தொடுதல் என்று போனால் அழைப்பின் ஒலி எங்கே போக வேண்டும் என்று கேட்கும் இடம் இருக்கிறது, அங்கே ப்ளூடூத்தைக் குறித்துவிடுங்கள். பையில் கிடக்கும் இயர்பட் டப்பாவின் மூடி சரியாக மூடாமல் இருந்தாலும் கால் அதற்குள் போய்விடும். கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்சும் இதே வேலையைச் செய்யும்.

நான் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கவில்லை, அல்லது எதிரொலிக்கிறது

எங்களிடம் வருவதில் இதுதான் அதிகம். கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமையும் வேண்டும், ஏனென்றால் கோளாறு உங்கள் காதுக்குத் தெரியாது, எதிர்முனையில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

எதிரொலி என்றால், யாருக்குக் கேட்கிறது என்று முதலில் கேளுங்கள். எதிர்முனையில் இருப்பவர், "நான் பேசறது எனக்கே திரும்பக் கேக்குது" என்றால் கோளாறு உங்கள் காரில். அவர் குரல் உங்கள் ஸ்பீக்கரில் வந்து, உங்கள் மைக்கில் நுழைந்து, அவருக்கே திரும்பிப் போகிறது. உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால் கோளாறு அவர் பக்கம். அவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருப்பார். இது தெரியாமல் நல்ல செட்டைக் கழற்றியவர்கள் உண்டு.

உங்கள் பக்கம் என்று தெரிந்தால் முதலில் பேச்சின் ஒலியளவைக் குறையுங்கள். பாட்டுக்கு ஒரு அளவு, பேச்சுக்கு வேறு அளவு என்று செட் தனித்தனியே வைத்திருக்கும். கால் ஓடிக்கொண்டிருக்கும்போது குறைத்தால்தான் பேச்சின் அளவு குறையும். மெனுவில் மைக் அளவு என்று ஏதாவது இருந்தால் அதையும் இரண்டு படி இறக்குங்கள்.

குரல் கேட்கவே இல்லை, அல்லது கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால் மைக் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கம்பெனிச் செட் என்றால் பெரும்பாலும் கூரையில் உள்விளக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டைகளாக இருக்கும். வெளியே வாங்கி மாட்டிய செட் என்றால் அதன் முகப்பிலேயே ஒரு ஊசித்துளையாக இருக்கும், அல்லது தனி ஒயரில் குண்டுமணி அளவு மைக் வந்திருக்கும்.

அந்தத் தனி மைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு டாக்சி ஓட்டுநர் வந்தார், நாற்பதைக் கடந்தவர். பயணிகள் கூப்பிட்டால் இவர் பேசுவது அவர்களுக்குப் புரிவதில்லை, அழைப்பைத் துண்டித்துவிட்டு வேறு வண்டி பிடித்துவிடுகிறார்கள். ஒரு மாதமாகவே இப்படி நடந்து வருமானம் குறைந்திருந்தது. செட்டை வெளியே இழுத்துப் பார்த்தேன். மைக் ஒயர் முழுவதும் சுருட்டி, கட்டுக்கம்பி போட்டபடி, செட்டின் பின்னால் ஏசி குழாய்க்கும் தகரத்துக்கும் நடுவே செருகியிருந்தது. மைக்கின் மேல் அது வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. மாட்டியவர் அவசரத்தில் அப்படியே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். ஒயரைப் பிரித்து, ஓட்டுநர் பக்கத்து முன்கண்ணாடித் தூணின் பிளாஸ்டிக் மூடிக்குள் விட்டு மேலே ஏற்றி, சன்வைசர் பக்கத்தில், வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நிறுத்தினேன். அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் செய்தார். "இப்ப பக்கத்துல இருந்து பேசற மாதிரி இருக்குங்க" என்று அந்த அம்மா சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. வேலை முடிய அரை மணி நேரம், செலவு ஒட்டுவதற்கு ஒரு துண்டு டேப்.

மைக் எங்கே இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைத்தால் எதிர்முனைக்குப் புயல் மாதிரி கேட்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் எதிரொலி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் வைத்தால், வளைவில் திருப்பும்போது கையும் சக்கரமும் மறைத்துக் குரல் விட்டுவிட்டுப் போகும். செட்டின் பின்பக்கம் மைக்குக்கும் ஆக்ஸுக்கும் ஒரே மாதிரி 3.5 மில்லிமீட்டர் துளைகள் இருந்தால் மாற்றிச் செருகியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

சோதிக்க வாட்ஸ்ஆப் குரல் பதிவை நம்பாதீர்கள். அது பல போன்களில் போனின் சொந்த மைக்கிலேயே பதிவாகும், காரின் மைக்கை எட்டாது. வீட்டில் ஒருவருக்குக் கால் செய்யுங்கள். எஞ்சினை அணைத்து ஒரு நிமிடம், எஞ்சின் ஓட ஒரு நிமிடம், ஏசியை முழு வேகத்தில் வைத்து ஒரு நிமிடம், கடைசியாக ஜன்னலை இறக்கி ஒரு நிமிடம் பேசுங்கள். எந்த இடத்தில் கெட்டது என்று அவர் சொல்லிவிடுவார், காரணமும் அதிலேயே வந்துவிடும்.

பாட்டு திடீரென்று டெலிபோன் குரல் போல மெலிந்துவிடுகிறது

ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பயப்படுவார்கள். பேச்சு வழியில் ஒலி மிகச் சுருக்கமாகப் போகிறது. பழைய முறையில் ஒலியை ஒரு விநாடிக்கு 8000 தடவை அளந்து அனுப்பும், 2011இல் வந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ 1.6 என்ற ப்ளூடூத் பேச்சு முறையில் 16000 தடவை. சிடி பாட்டில் 44100. போனில் ஏதோ ஒரு செயலி மைக்கைப் பிடித்துவைத்துக்கொண்டு விடாமல் இருந்தால், இன்னும் கால் ஓடுகிறது என்று நினைத்துப் போன் பாட்டையும் பேச்சு வழியிலேயே அனுப்பும். குரல் உதவியாளர், குரல் பதிவு, சில விளையாட்டுகள் இதைச் செய்யும். எல்லாச் செயலிகளையும் மூடிவிட்டு ப்ளூடூத்தை அணைத்துப் போடுங்கள்.

பெயருக்குப் பதில் எண் வருகிறது, அல்லது கட்டம் கட்டமாக வருகிறது

எண் மட்டும் வந்தால் தொடர்புகளைப் பகிர அனுமதி கொடுக்கவில்லை என்று அர்த்தம். முதல்முறை இணையும்போது போன் கேட்டிருக்கும், அவசரத்தில் வேண்டாம் என்று தட்டியிருப்போம். காரின் ப்ளூடூத் அமைப்புக்குள் போய் அனுமதியைக் கொடுத்துவிட்டு, செட்டுக்குப் பெயர்கள் இறங்க இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். ஆயிரம் பெயர் வைத்திருப்பவருக்கு இன்னும் அதிகம் ஆகும்.

கட்டமோ கேள்விக்குறியோ வந்தால், நீங்கள் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்கள், செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை. 'அம்மா', 'பெரியப்பா' எல்லாம் வெறும் கட்டங்களாக நிற்கும். இது செட் செய்தவர்கள் சேர்த்திருக்க வேண்டிய ஒன்று, நாம் உள்ளே ஏற்ற முடியாது. போனின் செயலிகளைச் செட் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளே உள்ள செட் என்றால் அதன் வழியாக இணையுங்கள். அங்கே திரையில் தெரியும் படத்தைப் போனே வரைந்து அனுப்புகிறது, ஆகவே தமிழ் அழகாகத் தெரியும். அந்த வசதி இல்லாத செட்டில், அடிக்கடி கூப்பிடும் பத்துப் பேரின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றி வைப்பதுதான் நடைமுறை. தமிழில் பெயர் வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கே மனசு வராது.

பாட்டு விட்டு விட்டு வருகிறது

தடை இணையத்திலா ப்ளூடூத்திலா என்று பிரியுங்கள். போனுக்குள் ஏற்கெனவே இறக்கி வைத்த பாட்டைப் போடுங்கள். அது தடங்கலில்லாமல் ஓடினால் சிக்னல்தான் காரணம், மலைப்பாதையில் இப்படித்தான் இருக்கும். அதுவும் விட்டு விட்டு வந்தால் போன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடம்பு நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். பேண்டின் பின்பையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தால் வெட்டி வெட்டித்தான் வரும். டேஷ் கேமராவின் வைஃபையும் பெரும்பாலும் அதே அலைவரிசையில் ஓடும், ஒரு நாள் அதை அணைத்துப் பாருங்கள். பேட்டரி சேமிப்பு போட்டிருந்தாலும் சில போன்களில் பாட்டுச் செயலி நடுவே நின்றுவிடும்.

பென் டிரைவைச் செட் படிக்கவில்லை, அல்லது பாட்டு வரிசை மாறுகிறது

பல கார் செட்டுகள், கோப்புகளை ஃபேட்32 என்ற முறையில் அடுக்கி வைத்திருக்கும் பென் டிரைவை மட்டுமே படிக்கும். இன்று 64 ஜிபி, 128 ஜிபி டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வருகின்றன, கம்ப்யூட்டரில் சிலர் என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறைக்கு மாற்றிவிடுகிறார்கள். பல விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் சாதாரணமாக பார்மேட் செய்தால் 32 ஜிபி வரைதான் ஃபேட்32 என்ற தேர்வு வரும். எனவே பாட்டுக்கென்று 16 அல்லது 32 ஜிபி டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. பார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், முதலில் நகல் எடுத்து வையுங்கள்.

டிரைவைப் படிக்கிறது, சில பாட்டை மட்டும் தாண்டிப் போகிறது என்றால் அவை பெரும்பாலும் எம்பி3 ஆக இருக்காது. பெயரை மட்டும் எம்பி3 என்று மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. கம்ப்யூட்டரில் மாற்றும் மென்பொருள் போட்டுத்தான் மாற்ற வேண்டும்.

வரிசை விஷயம் பலருக்குத் தெரியாது. நிறைய செட்டுகள் அகரவரிசையைப் பார்ப்பதில்லை. டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். வண்டியில் காலையில் பக்திப் பாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார். பாட்டுகளுக்கு 001, 002 என்று எண் கொடுத்து, டிரைவைக் காலி செய்து, எண் வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஏற்றிக் கொடுத்தேன். நடுவில் ஒன்றைச் சேர்த்தால் அது கடைசியில் போய் நிற்கும், அதற்காக மறுபடி எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும்.

கேபிள் போட்டால் சார்ஜ் ஏறுகிறது, பாட்டு வரவில்லை

கேபிளை மாற்றுங்கள். சார்ஜுக்கு மட்டும் என்று வரும் மலிவு கேபிள்களில் தகவல் போகும் இரண்டு கம்பிகளே இருக்காது. அடுத்து, எந்தத் துளையில் செருகினீர்கள் என்று பாருங்கள். மின்னல் குறி மட்டும் போட்ட துளை பெரும்பாலும் சார்ஜுக்கு மட்டும். மூன்றாவது, ஆண்ட்ராய்டு போன் கேபிளைப் போட்டதும் சார்ஜ் மட்டும் என்ற நிலையில்தான் நிற்கும், மேலிருந்து அறிவிப்பை இழுத்துக் கோப்பு பரிமாற்றம் அல்லது ஆண்ட்ராய்டு ஆட்டோவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேபிளை ஆட்ட ஆட்ட இணைப்பு விட்டு விட்டு வந்தால், போனின் துளையில் சட்டைப்பை நூல்தூசி அடைத்திருக்கும். போனை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள், ஊசி வேண்டாம். ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு ஒரு மீட்டருக்கு மேல் நீளமான கேபிள் வைக்காதீர்கள். நீளக் கேபிளில் அடிக்கடி அறுந்து அறுந்து இணைவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆக்ஸ் போட்டால் 'ஙொய்' என்ற சத்தம், ஆக்சிலேட்டரை மிதித்தால் அது ஏறுகிறது

சத்தம் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் அது ஆல்டர்னேட்டரின் சத்தம். ஆல்டர்னேட்டர் மாறுமின்சாரத்தை உண்டாக்கி நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது, அதில் ஒரு சின்ன அலை எஞ்சிவிடும். சாதாரணமாக அது செட்டுக்குள் கேட்காது. ஆனால் போன் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜும் ஏறி, ஆக்ஸ் ஒயரிலும் இணைந்திருந்தால், எர்த் இரண்டு வழியாகப் போய் ஒரு வளையம் ஆகிவிடும். அந்த வளையத்தில் அலை புகுந்து ஸ்பீக்கரில் பாடும்.

சார்ஜரை உருவிப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. உடனடி வழி, பாட்டுக் கேட்கும்போது சார்ஜ் போடாமல் இருப்பது. நிரந்தர வழி, ஆக்ஸ் ஒயரின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டப்பாவைச் செருகுவது. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர் இருக்கும், ஒலி போகும், எர்த் தொடர்பு அறுந்துவிடும். அல்லது ஆக்ஸை விட்டு ப்ளூடூத்துக்கு மாறிவிடலாம், ஒயரே இல்லாததால் வளையமும் இல்லை.

சார்ஜரை உருவியும் நிற்கவில்லையென்றால் செட்டின் கருப்பு ஒயரைப் பாருங்கள். எர்த்தை வண்டியின் தகரத்தில் பெயிண்ட் சுரண்டி இறுக்காமல், கிடைத்த ஏதோ ஒரு போல்ட்டில் சுற்றிவிட்டிருப்பார்கள். பெயிண்ட் மேல் சுற்றிய எர்த் இருந்தும் இல்லாதது போலத்தான்.

ஆக்ஸில் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடினால் ஜாக் முழுவதும் உள்ளே போயிருக்காது, தடிமனான போன் உறை தடுக்கும். சத்தம் குறைவு என்றால் போனின் ஒலியளவை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, செட்டில் கூட்டிக் குறையுங்கள். 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாத போனுக்கு டைப்-சி அடாப்டர் வாங்கும்போது உள்ளே சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சிப் இல்லாத மலிவு அடாப்டர் சில போன்களில் மட்டும்தான் பாடும்.

பழைய ஐபாட் பாடுகிறது, சார்ஜ் ஏறவில்லை

இன்னும் ஐபாட் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஐபாட் கிளாசிக் 2014இல் நின்றது, ஐபாட் வரிசையே 2022இல் முடிந்தது, ஆனால் 160 ஜிபி பாட்டைச் சேர்த்து வைத்தவர் அதைத் தூக்கிப் போடமாட்டார், போடவும் வேண்டாம். அகலமான 30 ஊசி இணைப்பு உள்ள பழைய கார் அடாப்டர்கள், ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறைக்கான ஊசிகள் வழியாக 12 வோல்ட் கொடுக்கும். 2008க்குப் பின் வந்த பல ஐபாட், ஐபோன்கள் அந்த வழியில் சார்ஜை ஏற்பதில்லை, 5 வோல்ட் யூஎஸ்பி வழிதான் ஏற்கும். பாட்டு வரும், சார்ஜ் வராது. சார்ஜுக்குத் தனியாக யூஎஸ்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத் இல்லாத எந்தப் பிளேயரையும், அதன் ஹெட்போன் துளையில் ஒரு ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டரைச் செருகிக் காரோடு இணைக்கலாம். கடையில் வாங்கும்போது ஒலியை அனுப்பும் வகையா பெறும் வகையா என்று பாருங்கள், இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்.

எஃப்எம் மாடுலேட்டரில் கொரகொர என்கிறது

லைட்டர் சாக்கெட்டில் செருகும் இது, போன் பாட்டைக் காரின் ரேடியோவுக்கு அனுப்பும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். பலவீனமான அலை, பக்கத்தில் உண்மையான நிலையம் இருந்தால் அடங்கிவிடும். சென்னையில் 93.5, 98.3, 101.4, 106.4 பக்கமே போகாதீர்கள். முதலில் ரேடியோவை மட்டும் போட்டு, வெறும் 'உஸ்' சத்தம் தவிர வேறெதுவும் இல்லாத எண்ணைக் கண்டுபிடித்து, பிறகு மாடுலேட்டரை அதே எண்ணில் வையுங்கள். ஊர் மாறினால் வெற்றிடமும் மாறும். நல்ல ஆக்ஸ் துளை இருக்கும் காரில் இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

சாவியை அணைத்தால் எல்லாம் மறந்துவிடுகிறது

கடிகாரம் 12:00க்குப் போகிறது, இணைத்த போன் மறந்துபோகிறது, பாட்டு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்குகிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் காரணம் வயரிங். வெளியே வாங்கும் செட்டில் மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டும், அதுதான் நினைவைக் காக்கிறது. சிவப்பு ஒயர் சாவியோடு. கார் பக்கத்துக் கப்ளரில் (ஒயர்களைச் சேர்த்துச் செருகும் பிளக்கில்) இந்த இரண்டும் மாறி வரும் வண்டிகள் உண்டு. மாட்டியவர் சோதிக்காமல் செருகினால் இப்படி ஆகும். சிலர் இரண்டையும் சேர்த்து முறுக்கிச் சாவி லைனில் கொடுத்துவிடுவார்கள், அப்போதும் இதே கதை. பேட்டரி லைனில் சேர்த்துக் கொடுத்தால் செட் அணையாமல் ஓடி, இரண்டு நாளில் பேட்டரி இறங்கிவிடும்.

இந்த வேலைக்குக் கடைக்குப் போனால், டேஷ்போர்டைக் கழற்றும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் வைத்தே வேலை செய்ய முடியுமா? ஒயரை வெட்டினால் வாரண்டியில் சிக்கல் வரலாம், பிறகு வருபவருக்கும் கஷ்டம். இரண்டாவது, பேட்டரி ஒயரைக் கழற்றினால், மறுபடி இயங்க செட் கோட் (ரகசிய எண்) கேட்குமா? சில கார்களின் கம்பெனிச் செட்டுகள் கேட்கும். அந்த எண் கார் வாங்கும்போது கொடுத்த புத்தக உறைக்குள் ஒரு சின்ன அட்டையில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.